ரோஸ்மேரிக்குக் கவாத்து: எங்கே வெட்டலாம், எங்கே கத்தரியை நிறுத்த வேண்டும்

மல்லிகையை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிடுகிறோம். சில வாரங்களில் பட்டைக்குள்ளிருந்து துளிர் கிளம்பிவிடுகிறது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியை இலையே இல்லாத குச்சிக் கூடாக நிறுத்துகிறார்கள்; அதுவும் தழைத்துவிடுகிறது. முருங்கையையும் செம்பருத்தியையும் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இந்தச் செடிகளிடம் பாடம் கற்ற கை, கவாத்து என்றாலே துணிந்து வெட்டுவதுதான் என்று பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ரோஸ்மேரியைத் தொட்டால் செடி செத்துப்போகும். என்னுடைய முதல் செடியை மல்லிகைக்குக் கவாத்து செய்த அதே நாளில், அதே கத்தரியால், அதே அளவுக்கு வெட்டினேன்; பொங்கலுக்குள் மல்லிகை பச்சை கட்டிவிட்டது, ரோஸ்மேரித் தொட்டியில் காய்ந்த குச்சி மட்டும் நின்றது.

காரணம் செடியின் உடலமைப்பில் இருக்கிறது. பல மரவகைச் செடிகளில் இலை உதிர்ந்த பிறகும் அந்த இலைக்கணுவில் ஒரு மொட்டு பட்டைக்கு அடியில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மேலே வெட்டு விழுந்ததும் அது விழித்துக்கொள்ளும். ரோஸ்மேரியில் அப்படி உறங்கும் மொட்டுகள் நீண்ட காலம் உயிரோடிருப்பதில்லை. இலை இருக்கும் வரைதான் அந்தக் கணுவிலிருந்து கிளை வரும் என்று நம்பலாம். இலை உதிர்ந்து பட்டை சாம்பல் நிறமாக வெடித்துப்போன பகுதி பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை. எப்போதாவது துளிர்க்கும் செடியும் உண்டு, ஆனால் அதை எண்ணிக் கத்தரியை எடுக்க முடியாது. லாவெண்டரும் இதே குணமுடையதுதான்.

ஆகவே இந்தச் செடியை வெட்டுவதற்கு முன் ஒரு கிளையைக் கையில் பிடித்து நுனியிலிருந்து அடிவரை தடவிப் பார்க்க வேண்டும். மூன்று பகுதிகள் தெரியும். நுனியில் உள்ள தண்டு பச்சையாக, வளைத்தால் ஒடியாமல் வளைவதாக, துளசித் தண்டைப் போலவே நான்கு பட்டையாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் இந்த ஒற்றுமை. அதற்குக் கீழே தண்டு பழுப்பேறிக் கெட்டிப்பட்டிருந்தாலும் இலைகள் எதிரெதிர் சோடிகளாக அடர்ந்திருக்கும். அதற்கும் கீழே இலையற்ற கட்டை. முதலிரண்டு பகுதிகளில் எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். மூன்றாவதில் வெட்டினால் அந்தக் கிளையை இழந்ததாகவே வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வெட்டி எடுத்தோம் என்பதைவிட, வெட்டுக்குக் கீழே எவ்வளவு பச்சை மிச்சமிருக்கிறது என்பதே இங்கு முக்கியம்.

கவாத்து தேவைதானா?

மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவுகளில் தானாக வளரும் ரோஸ்மேரிக்கு யாரும் கவாத்து செய்வதில்லை. அங்கே அது ஐந்து, ஆறு அடிப் புதராக வளர்ந்து, கடற்காற்றிலும் வறண்ட கோடையிலும் பல ஆண்டுகள் வாழ்கிறது. ஆகவே கவாத்து செய்யாவிட்டால் செடி செத்துவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் கவாத்தே காணாத வீட்டுச் செடி எப்படி ஆகும் என்பது தெரிந்ததே: நுனிகள் மட்டும் நீண்டுகொண்டே போகும், உள்பக்க இலைகள் வெளிச்சமின்றிப் பழுத்து உதிரும், அடிப்பகுதி கட்டையாகும், கடைசியில் நடுவில் வழுக்கை விழுந்து கனம் தாங்காமல் கிளைகள் பிளந்து சாயும். அந்த நிலைக்கு வந்த செடியைத் திருத்துவது கடினம். ஆண்டுக்கு இரு முறை சிறிது வெட்டுவது அதைத் தடுக்கும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் கணிப்பில் வடிவத்தைவிட அதுவே பெரிய காரணம். வறண்ட காற்றுக்குப் பழகிய இச்செடிக்குச் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று ஒத்துக்கொள்வதில்லை. அடர்ந்த செடியின் உட்புறத்தில் மழைநீர் உலராமல் தங்கும்போது சாம்பல் நோயும் கிளைக் கருகலும் தொடங்குகின்றன. காற்று செடிக்குள் புகுந்து வெளியேற வழி செய்வதே அங்கே கவாத்தின் முதல் வேலை.

எல்லாச் செடியையும் உடனே வெட்டலாம் என்பதல்ல. நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்து ஒரு மாதம் ஆகாத செடி, தொட்டி மாற்றிய செடி, வாடித் தொங்கும் செடி ஆகியவற்றைத் தொடக் கூடாது. குறிப்பாக, மலைப்பகுதியில் வளர்த்துச் சமவெளிக்குக் கொண்டுவந்து விற்கும் செடிகள் புதிய வெப்பத்துக்குப் பழகுவதற்கே தம் இலைகள் அத்தனையும் தேவைப்படும் நிலையில் இருக்கும்.

எந்தப் பருவத்தில்

சமவெளியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயில் இதமாக இருக்கும் தை நடுவிலிருந்து மாசி முடியும் வரையிலான காலமே முதன்மைக் கவாத்துக்கு ஏற்றது. மண் ஈரம் வடிந்திருக்கும், வெட்டுவாய் விரைவில் உலரும், கோடை உச்சத்துக்குள் புதுக்கிளைகள் முற்றிவிடும். பங்குனி பிறந்த பிறகு வெட்டினால் இளந்துளிர் நேராக வெயிலில் போய் மாட்டிக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் காய்ந்த குச்சியைத் தவிர வேறெதையும் வெட்ட வேண்டாம். கத்திரி வெயிலில் இச்செடி வளர்ச்சியை நிறுத்திவிட்டு உயிரைத் தக்கவைத்துக்கொள்வதில் மட்டுமே இருக்கும்.

இரண்டாவது கவாத்து ஆவணிக் கடைசியில், பெருமழைக்கு ஒரு மாதம் முன்பாக. இது வடிவத்துக்கானது அல்ல. உட்புறத்தை வெறுமனே கலைத்துவிடும் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கத்தரியைத் தொடவே கூடாது. ஈரமான வெட்டுவாய் பூஞ்சைக்குத் திறந்த கதவு.

உதகை, குன்னூர், கோத்தகிரியில் கணக்கு வேறு. அங்கே இச்செடி தன் சொந்த வீட்டுக்கு அருகில் இருப்பதுபோல வளர்கிறது. வாசனை எண்ணெய்க்காகவும் உலர்இலைக்காகவும் நீலகிரியில் வயலிலேயே பயிரிடுகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியது உறைபனி. டிசம்பர், ஜனவரியில் பள்ளப் பகுதிகளில் விழும் உறைபனி இளந்துளிரைக் கருக்கிவிடும் என்பதால், ஐப்பசிக்குப் பின் வெட்டித் துளிரைத் தூண்டக் கூடாது. பனிக்காலம் முடிந்து பிப்ரவரி கடைசி அல்லது மார்ச்சில் வெட்டுவது நல்லது. செடியில் பூ இருந்தால் பூ முடியும் வரை காத்திருக்கலாம். பூக்கள் முந்தைய பருவத்துக் கிளைகளில் வருவதால் பூவுக்கு முன் வெட்டினால் பூவையும் சேர்த்து வெட்டிவிடுவோம், தேனீக்களுக்கும் ஏமாற்றம். சமவெளித் தொட்டிகளில் பூ அதிகம் வருவதில்லை என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு. ஓசூர் போன்ற மிதமான ஊர்களில் சமவெளிக் கணக்கையே இரண்டு வாரம் தள்ளிப் பின்பற்றலாம்.

வெட்டும் முறை

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கவாத்துக் கத்தரி ஒன்று போதும். ஓர் அலகு மற்றொன்றின்மேல் அமர்ந்து நசுக்கும் வகை தண்டை நசுக்கிவிடும். இளந்தண்டுகளுக்குக் கூரான சமையலறைக் கத்தரியே போதுமானது. தொடங்கும் முன்னும், ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும் அலகுகளைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். செடியில் பனியீரம் உலர்ந்த காலை நேரம் நல்லது. முந்தைய நாள் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்; வாடிய செடியை வெட்டக் கூடாது.

முதலில் செத்த குச்சிகள். எது செத்தது என்று ஐயம் வந்தால் நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, வெளிறிய பழுப்பாக இருந்தால் இல்லை. செத்த குச்சியை மட்டும் கட்டைப் பகுதி என்று பாராமல், அது பிரியும் இடம் வரை வெட்டி எடுத்துவிடலாம். அங்கே துளிர் வரப்போவதில்லை என்பதால் இழக்கவும் ஒன்றுமில்லை.

அடுத்து, செடியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும், வெளிநோக்கிப் போகாமல் நடுவை நோக்கித் திரும்பி வளரும் கிளைகளையும் கண்டுபிடிக்க வேண்டும். உரசும் இரண்டில் மெலிந்ததை அது தோன்றும் இடத்திலேயே நீக்கலாம். ஒரு முழுக் கிளையை அடியோடு எடுப்பதும் ஒரு கிளையைப் பாதியில் கட்டையில் வெட்டுவதும் வேறு வேறு: முன்னதில் அந்தக் கிளை போனாலும் செடிக்குள் வெளிச்சமும் காற்றும் வருகின்றன; பின்னதில் துளிர்க்காத மொட்டைக் குச்சிதான் மிஞ்சுகிறது. மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளையும், மழையில் சேறு தெறிக்கும் உயரத்தில் உள்ள இலைகளையும் இப்போதே எடுத்துவிடலாம். பதியம் போட எண்ணமிருந்தால் மட்டும் தாழ்ந்த கிளை ஒன்றை விட்டுவைக்க வேண்டும்.

இதற்குப் பிறகே கிளைகளைக் குறைக்கும் வேலை. ஒவ்வொரு கிளையிலும் பச்சைப் பகுதியின் அடியைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் குறைந்தது மூன்று விரற்கடை இலையுள்ள தண்டு மிஞ்சும்படி, ஓர் இலைச் சோடிக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். இலைகள் எதிரெதிராக இருப்பதால் வெட்டுக்குக் கீழே உள்ள சோடியிலிருந்து பெரும்பாலும் இரு கிளைகள் பிரியும். நுனி மொட்டு தனக்குக் கீழே உள்ள பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும் சுரப்பை உண்டாக்குகிறது. நுனி போனால் அடக்குமுறையும் போய்விடுகிறது. செவ்வந்திக்கு நுனி கிள்ளுகிறவர்கள் காலங்காலமாகச் செய்து வருவது இதைத்தான். ஆகவே ஓரிரு அங்குலம் வெட்டினாலே செடி அடர்த்தியாகும். ஆழமாக வெட்டினால்தான் அடர்த்தி வரும் என்பது தவறான நம்பிக்கை.

மொத்த அளவைப் பொறுத்தவரை, செடியின் பச்சையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. சமவெளியில் தொட்டிச் செடிக்கு நான் நான்கில் ஒரு பங்கோடு நிறுத்துவேன். வெப்பத்தில் இழந்ததை ஈடுகட்ட இச்செடி அதிக நாள் எடுத்துக்கொள்கிறது. வெட்டிக்கொண்டிருக்கும்போது கை நிற்காது என்பதால், வெட்டியதையெல்லாம் ஒரு முறத்தில் போட்டு அவ்வப்போது செடியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல கட்டுப்பாடு.

வடிவம் அவரவர் விருப்பம். ஆனால் மேற்பகுதி அகன்றும் அடிப்பகுதி குறுகியும் நிற்குமாறு வெட்டினால் மேல் இலைகளின் நிழலில் கீழ் இலைகள் உதிர்ந்து, கட்டைப் பகுதி மேலேறிவிடும். அடி சற்று அகலமாகவும் மேலே போகப்போகக் குறுகலாகவும் இருக்கட்டும். படர்ந்து தொங்கும் வகையில் மேலே அடுக்கடுக்காகச் சேரும் தண்டுகளின் அடியில் உள்ளவை அழுகும் என்பதால், நீளத்தைக் குறைப்பதைவிட அடி அடுக்கைக் கலைப்பதிலேயே கவனம் வேண்டும்.

பறிப்பதும் கவாத்துதான்

இன்று பல வீடுகளில் ரோஸ்மேரி இருப்பதற்குக் காரணம் சமையல் அன்று, தலைமுடி. இலையைக் கொதிக்கவைத்த தண்ணீருக்காக வாரந்தோறும் பறிக்கப்படும் செடிக்குத் தனியே கவாத்து தேவையில்லை; பறிப்பையே கவாத்தாக ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் கறிவேப்பிலை உருவுவதுபோலக் கிளையைச் செடியிலேயே விட்டுவிட்டு, இலைகளை மட்டும் விரலால் இழுத்து உருவும் பழக்கம் இந்தச் செடிக்குப் பெருங்கேடு. உருவப்பட்ட தண்டில் இலையோடு கணு மொட்டும் கிழிந்துபோகிறது. அந்தத் தண்டு ஒரே நாளில் மூன்றாம் பகுதியாக, அதாவது இலையற்ற கட்டையாக மாறிவிடுகிறது. கிளை நுனியை நான்கு விரல் நீளத்துக்குக் கத்தரியால் வெட்டி எடுத்து, உருவுவதை அடுப்படியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பக்கம் கைக்கு எட்டுகிறது என்பதற்காக அங்கேயே பறிக்காமல் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பறித்தால் வடிவமும் கெடாது. வெட்டிய கொத்துகள் மிஞ்சினால் நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு உலர்த்தலாம். மொறுமொறுப்பாக உலர்ந்த பிறகே புட்டியில் அடைக்க வேண்டும்.

வெட்டிய பிறகு

இலை குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சும். கவாத்து செய்த களைப்பு தீரட்டும் என்று வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றுவதால் சாகும் செடிகள் ஏராளம். மேல்மண் ஒரு விரல் ஆழத்துக்கு உலர்ந்த பிறகே அடுத்த தண்ணீர். வெட்டுவாய்க்குச் சாணமோ பசையோ பூசத் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்த உரமிட்டால் தளதளவென்று வலுவற்ற துளிர் வரும், வாசனையும் மங்கும்; கைப்பிடி மண்புழு உரம் போதும். வெயிலில் இருந்த செடியை நிழலுக்கு மாற்ற வேண்டாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் அதற்கு எப்போதும் தேவை.

சில வாரங்களில் வெட்டுக்குக் கீழே துளிர் தெரிய வேண்டும். துளிர் வராமல் கிளைகள் சாம்பல் பூத்து, இலைகள் நுனியிலிருந்து கருகித் தலை தொங்கினால் கோளாறு பெரும்பாலும் வேரில் இருக்கிறது. கருகிய நுனிகளை வெட்டிக்கொண்டே போவது இந்த இடத்தில் பயன் தராது. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்க வேண்டும். வெளுப்பாகவும் உறுதியாகவும் இல்லாமல் கருத்து, வழுவழுத்திருந்தால் அழுகிய வேரை நீக்கி, மணல் கூடுதலாகக் கலந்த செம்மண்ணில் மாற்றி நட வேண்டும். அப்போதும் பிழைக்கும் என்ற உறுதி இல்லை. கீழ்ப்பகுதி இலைகள் மட்டும் பழுத்து, மேலே செடி செழிப்பாக இருந்தால் அது முதுமையும் நிழலும் சேர்ந்த இயல்பான நிகழ்வு, அஞ்ச வேண்டியதில்லை.

கட்டையாகிப்போன செடியை மீட்பது

அடியில் இரண்டடி மொட்டைத் தண்டும் உச்சியில் ஒரு கொத்துப் பச்சையுமாக நிற்கும் செடியை ஒரே நாளில் குறைக்க முயலக் கூடாது. அந்தப் பச்சையின் நுனிகளை மட்டும் கிள்ளிவிட்டு, குறுக்கே நிற்கும் ஓரிரு கிளைகளை நீக்கி உட்புறத்தில் வெளிச்சம் விழச் செய்து பொறுத்திருக்க வேண்டும். வெளிச்சம் பட்டதால் சில சமயம் கட்டையின் நடுவிலோ தூரிலோ சிறு துளிர் ஒன்று எட்டிப் பார்க்கும். அது நான்கு விரல் நீளமாகி உறுதிப்பட்ட பிறகு, அந்தக் கிளையை அத்துளிருக்குச் சற்று மேலே வெட்டலாம். அடுத்த பருவத்தில் இன்னொரு கிளை. இப்படி இரண்டு, மூன்று பருவங்களில் செடி தாழ்ந்துவிடும். துளிரே வராத செடியை வற்புறுத்துவதில் பொருளில்லை. அதற்கு மாற்றுச் செடி உருவாக்குவதே வழி. மீட்பு வேலையைத் தொடங்கும் முன்பே அதன் உச்சிப் பச்சையிலிருந்து சில போத்துகளை, அதாவது வேர்பிடிக்கச் செருகும் வெட்டுத்தண்டுகளை, நட்டுவிடுவது அறிவுடைமை. தாய்ச்செடி போனாலும் அதே செடி கையில் இருக்கும்.

போத்துக்கு ஏற்றது தை மாதக் கவாத்தில் கிடைக்கும், பூவில்லாத, பாதி முற்றிய நுனித்தண்டு. நான்கைந்து அங்குல நீளத்தில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடிப்பாதி இலைகளை மென்மையாகக் கிள்ளிவிட்டு, மணலும் தேங்காய் நார்க்கழிவும் சம அளவில் கலந்த ஈரக் கலவையில் இரண்டு அங்குல ஆழத்துக்குச் செருக வேண்டும். நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்து, கலவை காயாமலும் சொதசொதக்காமலும் பார்த்துக்கொண்டால் ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் வேர் பிடிக்கும். எல்லாம் பிடிக்காது என்பதால் நாலு செடி வேண்டுமென்றால் பத்துக் குச்சி செருகுவது நல்லது. மெதுவாக இழுத்தால் பிடிமானம் தெரியும் குச்சிகளைத் தனித்தனித் தொட்டிகளுக்கு மாற்றலாம். மாற்றிய அன்றே நுனியைக் கிள்ளிவிட வேண்டாம். புது இலைகள் விரிந்து செடி அரையடி உயரம் எட்டியதும் கிள்ளினால் போதும், அந்த முதல் கிள்ளலில் பிரியும் பக்கக்கிளைகள் மூன்று விரல் நீளமானதும் அவற்றின் நுனியையும் ஒரு முறை.